பதினெட்டேகால்

மறுபடியும் பதினேழரைதான் வந்தது. மகுடேஸ்வரி பென்சிலை மேசைமேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பதினேழரை வரக் கூடாது. ஏன் வரக் கூடாது என்று யாராவது எதிரே நின்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது, ஆனால் கைக்குத் தெரிகிறது. இருபத்திரண்டு வருசம் துணி வெட்டின கை, அதுக்குத் தெரியாமல் போகுமா? மணி ரெண்டரை. கரூர் வெயில் தகரக் கூரையைப் போட்டு வாட்டுகிறது. மாடியில் இந்தச் சாம்பிள் ரூமில் அவளும் ஒரு ஃபேனும்தான், அந்த ஃபேனும் காற்றுக் கொடுக்கிறேன் பேர்வழி என்று பஞ்சுத் தூசியைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருக்கிறது. கீழே வெட்டு மிசின் ஓடுகிற சத்தம். எதை வெட்டுகிறார்களோ, பார்டர் பட்டியாக இருக்கும். இவளுடைய அளவு போகாமல் மற்றதை வெட்ட முடியாது. நாலு மணிக்குள் அளவு கீழே போக வேண்டும். கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் இந்நேரத்துக்கு நாலு தடவை ஆள் விட்டிருப்பான், இன்றைக்கு என்னமோ விடவில்லை. மரியாதை தெரிந்த பையன், அக்காவைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பொறுத்திருக்கிறான் போல. இடுப்பு வலித்தது. முட்டிக்குக் கீழே ரெண்டு காலும் தன்னுடையதே இல்லை என்பதுபோல மரத்துக் கிடந்தன. மூணு நாள், வேண்டாம், மூணு மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்கக் கிடைத்தால் போதும், அதுக்கப்புறம் பதினேழரையாவது பதினெட்டாவது, என்ன எழவாவது வந்து தொலையட்டும் என்று இருந்தது.

வந்து தொலையட்டும் என்று விட முடியுமா? அறுநூறு குயில்ட். துண்டு துண்டாகத் துணி வெட்டி, சதுரம் சதுரமாகத் தைத்துச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து மேலே தையல் ஓட்டுகிற போர்வை. நம்ம ஊரில் யார் போர்த்தப் போகிறார்கள், சித்திரையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கிற ஊர். எல்லாம் கப்பலில் போவது. சதுரம் ஒவ்வொன்றும் தைத்து முடித்தால் பன்னிரண்டு இன்ச். அதை ஒழுங்காக வரிசையில் வைத்தோமா, தைத்தோமா என்று இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. இந்த டிசைன் வரைந்த மகராசிக்கு அது போதவில்லை, எல்லாச் சதுரத்தையும் திருப்பி மூலையில் நிற்க வைத்துவிட்டாள். ஒவ்வொரு சதுரமும் வைரக்கட்டி மாதிரி நுனியில் நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓரத்தில் பல்லுப் பல்லாக இடைவெளி விழுமே, அதை அடைக்க முக்கோணம் வேண்டும், நாலு பக்கத்துக்கும் சேர்த்துப் பதினெட்டு, நாலு மூலைக்கு நாலு. அந்த முக்கோணத்தை எத்தனை இன்ச் சதுரத்திலிருந்து வெட்டுவது? இவ்வளவுதான் கேள்வி. கம்மியாக வெட்டினால் ஓரம் இழுத்துக்கொள்ளும், அறுநூறு போர்வையும் ஓரத்தில் சுருண்டுகொண்டு நிற்கும். ஜாஸ்தியாக வெட்டினால் அலை அலையாகத் தொங்கும். ஆர்டரோடு வந்த அளவுச் சீட்டு எதிரே மேசைமேல் இருக்கிறது. வெட்டு அளவு என்று போட்ட கட்டம் காலியாகக் கிடக்கிறது. அதில் பேனா வைப்பது ஆபீஸ் மிஸ் வேலை, வெட்டெல்லாம் முடிந்தபிறகு. இவள் எப்போதும் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் கீழே கொடுப்பாள். ஆனாலும் கண் அந்தக் காலிக் கட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தது. போன வருசம் என்றால் இந்தக் கணக்கை டீ ஆறுவதற்குள் போட்டிருப்பாள்.

போன வருசம் என்று நினைத்ததுதான் தப்பு. நினைத்ததும் அம்மா வந்துவிட்டாள். கொஞ்சம் கண்ணசந்தால் போதும், செத்து ரெண்டு வருசமான அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றுவிடுகிறாள். அம்மா பாவு ஓட்டினவள். நெசவுக்கு முன்னால் நீள நூலை வரிசை பிடிப்பார்களே, அந்த வேலை. ஆயிரத்து இருநூறு இழை, ரெண்டாயிரம் இழை, பேசிக்கொண்டே எண்ணுவாள், ஊர்க்கதை எல்லாம் வாயில் ஓடும், விரலில் எண்ணிக்கை ஓடும், ஒரு இழை தப்பாது. அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் நட்ட நடுவில் நின்றுவிட்டாள். “எத்தனைன்னு சொன்னேன்?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்றாள் யாரோ ஒருத்தி. அங்கே ஆரம்பித்தது. எண்ணிக்கை போனது முதலில், அப்புறம் அடுப்பு, அப்புறம் தெரு, அப்புறம் ஆள். கடைசி ரெண்டு வருசம் மகுடேஸ்வரி சோறு ஊட்டப் போனால் அம்மா எழுந்து தள்ளி உட்கார்ந்து, “நீங்க யாரு வூட்டுப் புள்ளைங்க? எனக்கெதுக்குங்க இத்தனை சிரமப்படறீங்க?” என்பாள். அந்த ‘ங்க’தான் தாங்க முடியாது. பெற்றவள் பெற்ற பிள்ளையை வாங்க போங்க என்று மரியாதை கொடுத்துப் பேசினால் எப்படி இருக்கும்? ஏண்டி சனியனே என்று ரெண்டு அறை விட்டிருந்தால்கூட மனசு குளிர்ந்திருக்கும். அம்மா நோயில் கிடந்த பன்னிரண்டு வருசமும் மகுடேஸ்வரி அழவில்லை, நேரம் இல்லை. இப்போது அழுகை வருகிறது, அம்மாவுக்காக இல்லை. எனக்கு எத்தனை வயசு? நாற்பத்தொன்பது. அம்மா இழையைத் தப்பவிட்டபோது அவளுக்கு ஐம்பத்து மூணு. பயமாக இருந்தது. பயத்தை எதிரே உட்கார வைத்துக்கொண்டு எவள் கணக்குப் போடுவாள்?

போடத்தான் வேண்டும். பென்சிலைக் கையில் எடுத்தபோதே தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள்: யாரையும் கேட்காமல், செல்போனில் எதையும் தட்டாமல், இந்த அளவை நானே கண்டுபிடித்தால் எனக்கு ஒன்றும் இல்லை. அசதிதான். வயசுக்கோளாறுதான். கண்டுபிடிக்கவில்லை என்றால்... இல்லை என்றால் பார்ப்போம். முதலில் இருந்து வா. சதுரம் மூலையில் நிற்கிறது. பக்கம் பன்னிரண்டு என்றால் மூலைக்கு மூலை எத்தனை? இதை எந்தப் பள்ளிக்கூடமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, எட்டாவதோடு நின்றவள். இதோ காலுக்குக் கீழே கிடக்கிற தரைக்கல் சொன்னது. அடிக்கு அடி கல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் டேப்பைப் போட்டுக் குறுக்கே அளந்து பார்த்தாள், பதினேழு. பக்கத்துக் கல்லை அளந்தாள், அதுவும் பதினேழு. அன்றைக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி வரவில்லை. பன்னிரண்டுக்குப் பதினேழு. சரி. ஆக, பக்கத்து முக்கோணத்தின் நீளப்பக்கம் பதினேழு. அதுக்குமேல் தையலுக்கு விட வேண்டும். தையலுக்கு ரெண்டு பக்கமும் கால் கால், ஆக அரை. பதினேழரை. பாருங்கள், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது! செக்குமாடு. சதுரத்துக்கு அரை விடு, பட்டிக்கு அரை விடு என்று இருபத்திரண்டு வருசமாக வாயில் ஊறிப்போன அரை, முக்கோணத்துக்கும் நான்தான் என்று முந்திக்கொண்டு வருகிறது. முக்கோணத்துக்கு அரை பத்தாது. ஏன் பத்தாது?

ஏன் பத்தாது என்று கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு வெளியே சாயப் பட்டறைக்காரன் காயப்போட்ட துணி நீலமாகத் தொங்கியது. நீலம். அன்றைக்குப் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவள் கட்டியிருந்ததும் நீலம். அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டே வந்து, வெங்கமேட்டில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. இறங்க மறந்தால் பரவாயில்லை, ஊரில் எல்லாருக்கும் நடப்பது. இவளுக்கு எங்கே இறங்க வேண்டும் என்பதே கொஞ்ச நேரம் தெரியவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டரிடம் கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது, என் வீடு எங்கே இருக்குதுங்க என்றா? கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டு நிறுத்தம் தாண்டித்தான் வெங்கமேடு என்ற பேர் வாய்க்குத் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் ஏன் லேட்டு என்றதுக்கு, ஓவர்டைம் என்றாள். புருசன் பொன்னுசாமி கண்டுகொள்ளவில்லை. நல்ல மனுசன், பாவம், லாரிக்கு டயர் மாற்றி மாற்றி முதுகு ஒடிந்தவன், அவள் அம்மாவைக் கடைசிவரைக்கும் தூக்கிக் குளிக்க ஊற்றினவன். எந்த மருமகன் செய்வான்? ஆனால் காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னான், விளையாட்டாகத்தான் சொன்னான்: “உங்கம்மா வியாதி உனக்கு மட்டும் வரக் கூடாது பாத்துக்க, என்னால இன்னொரு தடவை முடியாது.” சொல்லிவிட்டுச் சிரித்தான். இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வாயைத் தைத்துக்கொண்டதுதான், பஸ்ஸில் நடந்ததைச் சொல்லவில்லை, பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் நாற்றம் அடித்ததைச் சொல்லவில்லை, கத்தரிக்கோலுக்குப் பேர் வராமல் “அதை எடு, அதை, வெட்டுறதை” என்று கையை ஆட்டினதைச் சொல்லவில்லை. மூணு மாசமாக ஒன்றொன்றாக ஒளித்து ஒளித்துக் களைத்துப்போனாள். வேலைகூட இத்தனை அசத்தவில்லை, ஒளிக்கிறதுதான் அசத்துகிறது.

ஏழு நூல்! திடீரென்று அது வந்தது. முக்கோணத்துக்கு அரை இல்லை, ஏழு நூல். ஒரு இன்ச்சை எட்டாகப் பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு நூல், தச்சனும் கொத்தனும் டைலரும் சொல்வது. ஏழு நூல் என்றால் இன்ச்சுக்கு ஒரு நூல் கம்மி. ஆமாம், அதேதான், முக்கோணத்துக்கு ஏழு நூல் சேர்த்து வெட்டுவது என்று எத்தனை ஆர்டர் முடித்திருக்கிறோம்! அவசரமாகத் துண்டுத்தாளை இழுத்து எழுதினாள்: பதினேழு இன்ச் ஏழு நூல். எழுதிவிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டாள். போதும், எழுந்து போய்க் கொடுத்துவிடு. எழுந்திருக்கப் போனவளைக் கை விடவில்லை, தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இரு. ஏழு நூல் எந்த முக்கோணத்துக்கு? சதுரத்தை மூலைக்கு மூலை ஒரே வெட்டு வெட்டினால் ரெண்டு முக்கோணம், அதுக்கு ஏழு நூல். பெருக்கல் குறி போல ரெண்டு வெட்டு வெட்டினால் நாலு முக்கோணம். அதுக்கு? பக்கத்து முக்கோணத்தை எதில் வெட்டுவது, ரெண்டாகவா, நாலாகவா? அவள் மிச்சத் துணி ஒன்றை எடுத்து நேராக இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கோணலாகப் பிடித்து இழுத்தாள், வாயைத் திறந்துகொண்டு நீண்டது. துணி நூலோட்டத்தில் நிற்கும், கிராஸில் நீளும். போர்வையின் வெளி ஓரத்தில் கிராஸ் வந்தால் தொங்கிப்போகும். பக்கத்து முக்கோணத்துக்கு நீளப்பக்கம் வெளி ஓரத்தில் வருகிறது. அப்படியென்றால் நீளப்பக்கம் நூலோட்டத்தில் இருக்க வேண்டும். நீளப்பக்கம் நூலோட்டத்தில் இருக்க வேண்டுமானால் சதுரத்தை நாலாகத்தான் வெட்ட வேண்டும். நாலு! மூலை முக்கோணம் மட்டும்தான் ரெண்டாக வெட்டுவது. ஏழு நூல் அதுக்கு உள்ளது, இதுக்கு இல்லை. எழுதினதைப் பென்சிலால் அடித்தாள், பத்தாதென்று இன்னொரு கோடு குறுக்கே போட்டு அடித்தாள்.

பின்னே இதுக்கு எத்தனை? சொல்லிப் பார்க்காதே, வரைந்து பார். பழுப்பு மார்க்கர் பேப்பரை மேசையில் விரித்தாள். நெற்றி வியர்வை அதன்மேல் ஒரு சொட்டு விழுந்தது, புறங்கையால் துடைத்தாள். பதினேழு இன்ச்சுக்கு ஒரு கோடு. மட்டம் வைத்து மேலே ரெண்டு சரிவு, கூரை மாதிரி. இது தைத்து முடித்த முக்கோணம். இப்போது இதைச் சுற்றிக் கால் இன்ச் தள்ளி இன்னொரு கோடு, தையலுக்கு. மூணு பக்கமும் தள்ளிப் போட்டாள். போட்டதும் கண்ணுக்கே தெரிந்துவிட்டது, அட, இவ்வளவுதானே! நேரான மூலையில் கால் இன்ச் கால் இன்ச்சாகவே இருக்கிறது. கூரான நுனியில் அந்தக் கால் இன்ச் சரிந்துகொண்டே போய் நீண்டு, தள்ளித்தான் முடிகிறது. நுனி கூரானால் துணி அதிகம் கேட்கும். அதனால்தான் அரை பத்தாது. யார் சொல்லித் தர வேண்டும் இதை! டேப்பை நுனிக்கு நுனி பிடித்தாள். பதினெட்டேகாலுக்கு ஒரு முடி அளவு உள்ளே நின்றது. குறைத்து வெட்டினால் ஒட்ட வைக்க முடியாது, ஏற்றித்தான் வெட்ட வேண்டும். பதினெட்டேகால். பதினேழோடு ஒன்றேகால். இதுதான், இதேதான், கை இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். சதுரம் ஒன்றுக்கு நாலு என்றால் பதினெட்டு முக்கோணத்துக்கு ஐந்து சதுரம், ரெண்டு துண்டு மிச்சம். மூலைக்கு எட்டரையோடு ஏழு நூல், ஒன்பது இன்ச் மூணு நூல், ரெண்டு சதுரம் போதும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாற்றம் இல்லாமல் வந்து விழுந்தது. அடித்ததுக்குக் கீழே பதினெட்டேகால் என்று எழுதி அடியில் கோடு போட்டாள், ஞாபகத்துக்கு ஓரத்தில் ஒரு குட்டிச் சதுரம் வரைந்து பன்னிரண்டு, பதினேழு என்று போட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை. தலை சரியாகத்தான் இருக்கிறது, உடம்புதான் அசந்திருக்கிறது. தனியாக உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மூணு மாசத்தில் முதல் தடவையாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

படி இறங்கும்போது முட்டி வலித்தது, வலிக்கட்டும். மணி நாலாகப் பத்து நிமிசம் இருந்தது. கீழே நீள மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து மிசின் ஓடிக்கொண்டிருந்தது, சென்னியப்பன் இரும்பு வலைக் கையுறையைப் போட்டுக்கொண்டு கத்திப் பக்கம் குனிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து மிசினைப் பாதிச் சத்தத்துக்குக் குறைத்தான்.

“வாங்க்கா. கூப்பிட்டிருந்தா நானே மேல வந்திருப்பேனுங்களே.”

“இந்தா, உன் அளவு.” தாளை நீட்டினாள். “பதினெட்டேகால். நாலா வெட்டணும், ரெண்டா வெட்டிப் போட்றாதே, ஓரமெல்லாம் தொங்கிப் போயிரும். ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டனா?”

“அதெல்லாம் இல்லீங்க்கா.” கையுறையைக் கழற்றிவிட்டு ரெண்டு கையாலும் வாங்கினான். அவள் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்தான். “சரிங்க்கா. அப்படியே வெட்டிர்றேனுங்க.” மேசை ஓரத்தில் அட்டையில் மாட்டின கிளிப்பைத் திறந்து தாளைச் செருகினான். அந்தக் கிளிப்பில் ஏற்கெனவே தாள் இருந்தது. அவன் சட்டென்று கையை வைத்து மறைத்தான். மறைத்ததால்தான் அவள் பார்த்தாள்.

கையை எடுடா என்று சொல்லவில்லை, அவளே எடுத்துவிட்டாள். ரெண்டு துண்டுத்தாள். ரெண்டும் அவள் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் பதினேழு இன்ச் ஏழு நூல் என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்து, பத்தாதென்று குறுக்கே இன்னொரு கோடு. கீழே பதினெட்டேகால், அடியில் கோடு. ஓரத்தில் குட்டிச் சதுரம், பன்னிரண்டு, பதினேழு. அவள் மேசையைப் பார்த்தாள். வெட்டி முடித்த முக்கோணங்கள் கட்டுக் கட்டாக நாடா போட்டு அடுக்கியிருந்தன. நீளப்பக்கம் நூலோட்டத்தில், சுத்தமாக, ஒரு நூல் பிசகாமல். காலையில் வந்தாள், வாசலில் வருகைப் பதிவு மிசினில் விரல் வைத்தாள். அப்புறம்? அப்புறம் ரெண்டரை மணி. நடுவில் தேடினாள், மறுபடியும் தேடினாள். அங்கே ஒன்றுமே இல்லை. மங்கலாகக்கூட இல்லை.

“இது எத்தனாவது?”

சென்னியப்பன் மிசினை முழுக்க நிறுத்தினான். “மூணாவதுங்க்கா. நேத்து சாயந்தரம் ஒண்ணு, இன்னிக்குக் காத்தால ஒண்ணு.” கிளிப்பிலிருந்த மூணு தாளையும் அவள் பக்கம் திருப்பினான். “மூணுலயும் அளவு ஒண்ணுதானுங்க. ஒரு நூல் மாத்தமில்லீங்க்கா.”

“எத்தனை நாளா உங்களுக்கெல்லாம் தெரியும்?”

மேசைக்கு அந்தப்பக்கம் துணி பிடித்துக்கொண்டிருந்த ரெண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூணு மாசமாக இவள் ஒளித்தாள், இவளிடமிருந்து இவர்கள் ஒளித்திருக்கிறார்கள். தப்பு இல்லை, பிரியத்தில்தான் செய்தது. இருந்தாலும் அவமானமாக இருந்தது, எல்லாருக்கும் நடுவில் சேலை அவிழ்ந்து நின்றமாதிரி இருந்தது. சும்மா சரிபார்க்க வந்தேன் என்று சொல்லலாம். நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது. சொன்னால் சிரிப்பார்கள், இவளும் சிரிக்கலாம், மாடிக்குப் போய் உட்கார்ந்து நாளைக்கு மறுபடியும் முதலில் இருந்து தொடங்கலாம். மூணு தடவையும் அந்தத் தப்பு எழுத வந்தது. மூணு தடவையும் கை நிறுத்தி அடிக்க வைத்தது. நாலாவது தடவை நிறுத்தாமல் போனால்? அடிக்காத தாளோடு படி இறங்கி வந்து, இதே மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனால்? இவனும் ரெண்டு கையால் வாங்கிக்கொண்டு அப்படியே வெட்டுவான்.

“சென்னியப்பா, இனிமே நான் குடுத்தா வாங்காதே. முன்னாடியே குடுத்துட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. நான் கோவிச்சுக்கிட்டாலும் சொல்லு.”

“சரிங்க்கா.”

ஒரு பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மகுடேஸ்வரி உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். பேரைச் சரியாகத்தான் தேடி அழுத்தினாள். ரெண்டு ரிங் போவதற்குள் பொன்னுசாமி எடுத்துவிட்டான். பின்னால் டயரைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது.

“என்னாயா, இந்நேரத்துல?”

அவன் ரெண்டு தடவை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்தப்பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

“ஏனுங்க,” என்றாள், “எனக்கு மறந்து போகுதுங்க. தனியா பஸ் ஏற பயமா இருக்குது. வந்து கூட்டிட்டுப் போங்க.”